ஹாலிவுட் கண்ட யானைப்பாகன் மகன்

ஊர்கள் தம் பெயரை இழப்பதுண்டு. பெயர்கள் தம் ஊரை இழப்பதும் உண்டு. நம் பழவேற்காட்டுக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட கைலித் துணியை மலாய் மக்கள் இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்றே அழைக்கின்றனர். பெலிக்காட் என்பது பழவேற்காடே. அத்துணியை இடுப்பில் உடுத்தித் தொழுகைக்குச் செல்லும் மலாய்ச் சகோதரருள் எத்துணைப் பேர் இந்த ஏரிக்கரையை அறிவர்? 1613-இல் டச்சுக்காரர் இங்கு ஜெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அதன்பின் கீழ்த்திசைத் தீவுகளுக்குத் துணி மூட்டைகள் போயின. துணியோடு மனிதரும் போயினர். பஞ்சத்தில் விலைப்பட்டு அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டோர் பலர். துணியில் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மனிதருக்குப் பெற்றோர் இட்ட பெயர்களோ பெரும்பாலும் மறைந்தொழிந்தன.

கடல் கடந்து கொண்டுசெல்லப்படும் மனிதனின் பெயருக்கும் வாழ்வுக்கும் என்ன நேர்கிறது? இவ்வினாவை நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். அவர் விலைப்பட்டுப் போனவர் அல்லர்; புகழோடு போனவர். ஹாலிவுட் திரைப்பட உலகில் முதன்மைப் பாத்திரமேற்று உலகப் புகழ் பெற்ற முதல் இந்தியர் என்று சொல்லத்தக்க மைசூர்ச் சாபு அவர்.

சினிமா நடிகரின் சரிதைக்கு இத்தகைய ஏட்டில் என்ன வேலை என்று அன்பர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. திரைப்படம் ஆகுமா, ஆகாதா என்பதை மார்க்கச் சட்டம் வல்லார் பேசட்டும். நாம் இங்கு எடுத்துக்கொள்வது வரலாறு. ஏழைப் பாகர் குடும்பத்து முஸ்லிம் சிறுவர் ஒருவர் பதின்மூன்றாம் வயதில் உலகெங்கும் அறியப்பட்டார். நம் கதைகளும் நம் பெயர்களும் நம் நகரங்களும் அவர் வழியே மேனாட்டார் கண்ணில் பதிந்தன. அப்பதிவின் நிழல் நம் பிள்ளைகள் மீதும் விழுகிறது. ஆதலின் இவ்வரலாறு நமக்கு அன்னியமன்று.

மைசூர் சமஸ்தானத்தில், காட்டு யானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் ‘கெத்தா’ வேட்டைக்குப் பெயர்போன வனப்பகுதியில் காராப்பூர் என்றோர் சிற்றூர் உண்டு. 1924-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள் சாபு அங்கே பிறந்தார். தந்தை யானைப்பாகர். இளமையிலேயே பெற்றோரை இழந்து யத்தீமான அச்சிறுவர், மைசூர் மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் வளர்ந்தார். யானையின் காதுக்குப் பின்னே கால்விரலால் அழுத்தி, அம்மாமலையை நடத்தும் வித்தை அவருக்குத் தாய்மொழி போல் வந்தது.

அவர் பெயரைப் பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலகத்து நூல்களிலெல்லாம் அவர் ‘சாபு தஸ்தகீர்’ என்றே குறிக்கப்பெறுகிறார். தஸ்தகீர் என்பது உண்மையில் அவருடைய அண்ணனின் பெயர் என்றும், சாபுவின் பெயர் ஸெலர் ஷேக் சாபு என்றும் பிற்கால ஆய்வு கூறுகிறது. ‘தஸ்த்’ என்றால் பாரசீகத்தில் கை. ‘கீர்’ என்றால் பிடிப்பவர். இடர்ப்பட்டோரின் கைப்பிடித்துத் தூக்குபவர் என்ற பொருளில், பாக்தாதில் அடங்கியிருக்கும் ஞானச் செம்மல் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களுக்கு வழங்கும் பட்டம் அது. தென்னாட்டு முஸ்லிம்கள் அன்பின் மிகுதியால் அதைத் தம் மக்களுக்குப் பெயராக இடுவர். தம்பியின் கைப்பிடித்துச் சீமைக்குக் கூட்டிச்சென்ற அண்ணனின் பெயரையே அயல்நாட்டார் தம்பியின் தலையில் ஏற்றிவிட்டனர். பெயர் யாருடையது என்று விசாரித்தறிய அங்கு எவருக்கும் அவசியம் இருக்கவில்லை.

சீமைக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்கு வந்தது இங்ஙனம்: பனிநாட்டு எஸ்கிமோ மக்களின் வாழ்வைப் படம்பிடித்து 1922-இல் ‘நானூக்’ என்னும் ஆவணப்படத்தைத் தந்த அமெரிக்கர் ராபர்ட் ஃபிளாஹெர்டி, 1935-இல் மைசூருக்கு வந்தார். இலண்டனில் படத்தொழில் நடத்திய ஹங்கேரியர் அலெக்சாந்தர் கோர்டா அவரை அனுப்பியிருந்தார். கிப்ளிங் எழுதிய யானைக்கதை ஒன்றில் நடிக்க ஒரு பாகச் சிறுவன் வேண்டும். ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பாராடெய்லின் கண்ணில் பட்டவர் சாபு. காட்டில் எடுத்த காட்சிகளோடு, கோர்டாவின் தம்பி ஸோல்டான் இங்கிலாந்துப் படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்தவையும் சேர்ந்து ‘எலிஃபண்ட் பாய்’ 1937-இல் வெளியாயிற்று. இயக்கத்துக்கான பரிசை அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழா அதற்கு அளித்தது. நடிப்பென்றால் இன்னதென்று அறியாத அச்சிறுவரின் இயல்பான சிரிப்பே படத்தின் உயிர் என்று பார்த்தோர் வியந்தனர். அண்ணன் ஷேக் தஸ்தகீரோடு அவர் இங்கிலாந்தில் தங்கினார், பள்ளிக்குச் சென்றார், ஆங்கிலம் கற்றார்.

அதே 1935-இல் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் சென்னைப் பக்கம் வந்து தமிழ்ப்படம் இயக்கலானார். 1936-இல் அவர் தந்த ‘சதி லீலாவதி’யில் சிறு வேடத்தில் தோன்றிய இளைஞர் எம். ஜி. இராமச்சந்திரன். இவ்விரு தொடக்கங்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இவை ஓரிடத்தில் சந்திக்கும்.

கோர்டா நிறுவனத்தின் அடுத்த படம் 1938-இல் வந்த ‘தி டிரம்’. வடமேற்கு எல்லைப்புறத்து இளவரசனாகச் சாபு நடித்தார். பட்டாணியர் சூழ்ச்சியைத் தன் முரசொலியால் அறிவித்து, ஆங்கிலப் படையைக் காப்பாற்றுவது அவ்விளவரசனின் வேலை. நாடு விடுதலைப் போரில் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. பம்பாயிலும் சென்னையிலும் அப்படத்துக்கு எதிராக மக்கள் கிளர்ந்தனர். பதினான்கு வயதுச் சிறுவரிடம் குற்றம் காண்பார் யார்? ஆயினும் ஒன்று அப்போதே தெளிவாயிற்று. முகம் நம்முடையது, கதை அவர்களுடையது.

இனி, அவர் புகழின் உச்சியான ‘பாக்தாத் திருடன்’ படத்துக்கு வருவோம். இக்கதை திரையில் மும்முறை வந்த விதத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நாம் சொல்ல வந்தது தானே விளங்கும்.

சாபு பிறந்த அதே 1924-இல், ஊமைப்பட காலத்தில், டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் என்னும் அமெரிக்கக் கதாநாயகர் பாக்தாத் திருடனாக நடித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. ஆயினும் மதிலேறும் வாலிபத் திருடனும் அவரே. இளவரசியை மணக்கும் காதலனும் அவரே. 1940-இல் கோர்டா அதே தலைப்பில் வண்ணப்படம் எடுத்தார். இங்கிலாந்தில் தொடங்கிய படப்பிடிப்பு, உலகப்போர் மூண்டதால் அமெரிக்கா சென்று முடிந்தது. ஒளிப்பதிவு, கலை, தந்திரக்காட்சி ஆகியவற்றுக்காக மூன்று ஆஸ்கார் பரிசுகளை அது பெற்றது. திருடன் வேடம் சாபுவுக்கு. ஆனால் இம்முறை கதாநாயகன் இரண்டு துண்டாக வெட்டப்பட்டான். மதிலேறுதல், பூதத்தை வெல்லுதல், பறக்கும் கம்பளத்தில் விரைதல் ஆகிய வீரச் செயல்களெல்லாம் திருடச் சிறுவன் பங்கு. காதலும் அரியணையும் அஹ்மத் என்னும் அரசன் பங்கு. அவ்வேடம் ஜான் ஜஸ்டின் என்ற ஆங்கிலேயருக்கு.

மூன்றாவது திருடன் நம் தமிழில் வந்தவன். 1960-இல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ படத்தில், சதி லீலாவதியில் சிறு வேடமேற்ற அதே எம். ஜி. ஆர். கதாநாயகர், வைஜயந்திமாலா கதாநாயகி. அவர் அப்போது நாற்பதைக் கடந்தவர். அவருக்கும் வீரமும் காதலும் ஒருங்கே கிட்டின. ஆக, அமெரிக்கர் நடித்தபோது திருடன் முழு மனிதன்; தமிழர் தம் மொழியில் தமக்காக எடுத்தபோதும் அவன் முழு மனிதன். பிறர் கதையில் நம்மவர் நடித்தபோது மட்டும் அவன் பாதியானான். சாபுவுக்கு அப்போது வயது பதினைந்து பதினாறு என்பது உண்மையே. சிறுவனாக நடித்ததில் விந்தையில்லை. அந்த வயது பின்னரும் அவரை விட்டு நீங்காமற் போனதே விந்தை.

அத்திருடச் சிறுவனுக்கு இட்ட பெயரை அரபு கற்றோர் கவனிக்க வேண்டும். ‘அபூ’ என்று இட்டனர். அபூ என்றால் தந்தை. அபூபக்கர், அபூதாலிப், அபூஹுரைரா என அடுத்தொரு சொல் வந்தே அது பெயராகும்; தனித்து நின்றால் முடியாத சொல். திரையில் தந்தையாக வளர விடப்படாத ஒருவருக்குத் ‘தந்தை’ என்று பெயரிட்டனர்! படத்தின் முடிவில், அச்சிறுவனைக் கல்வி பயிற்றித் தன் அமைச்சனாக்கப் போவதாக அரசன் அறிவிக்கிறான். அபூவோ கம்பளத்தில் ஏறிப் பறந்துவிடுகிறான். பார்த்தோர் கைதட்டி மகிழ்ந்தனர். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அக்காட்சி உறுத்துகிறது. அறிவும் பொறுப்பும் அளிக்கப்பட்டபோது ஓடிப்போவதே அவனுக்கு இயல்பு என்று கதை முடிவு கட்டிவிட்டது.

அப்படத்தின் கொடியவன் ஜாஃபர் என்னும் அமைச்சன்; மாய மந்திரக்காரன். வரலாற்றில் ஜாஃபர் பின் யஹ்யா அல்பர்மகீ, கலீஃபா ஹாரூன் ரஷீதின் உற்ற நண்பர். கொடைக்கும் கல்விப் புரவலுக்கும் பேர்பெற்ற குடும்பத்தவர். 803-இல் கலீஃபாவின் ஆணையால் கொல்லப்பட்டவர். ஆயிரத்தொரு இரவுக் கதைகளிலும் அவர் கலீஃபாவோடு இரவில் நகர்வலம் வரும் நம்பிக்கைக்குரிய துணைவர். திரையோ அவரைச் சூனியக்காரனாக்கிற்று. 1992-இல் வந்த ‘அலாதீன்’ கேலிச்சித்திரப் படத்திலும் கொடிய அமைச்சனின் பெயர் ஜாஃபர். அபூ என்ற பெயரும் அதில் உண்டு, ஒரு குரங்குக்கு!

பாக்தாதின் ஞானியுடைய பட்டத்தைப் பெயராகத் தாங்கிய குடும்பத்துப் பிள்ளையை உலகம் பாக்தாதின் திருடனாகவே அறிந்தது. இதைக் காட்டிலும் கருத்தில் ஆழும் முரண் வேறென்ன?

1942-இல் ‘ஜங்கிள் புக்’ வந்தது. ஓநாய்களால் வளர்க்கப்பட்ட மௌக்லியாகச் சாபு நடித்தார். வயது பதினெட்டு, உடையோ அரைத்துணி. அதன்பின் யூனிவர்சல் நிறுவனத்தின் ‘அரேபியன் நைட்ஸ்’, ‘ஒய்ட் சாவேஜ்’, ‘கோப்ரா உமன்’ என்று படங்கள் வரிசையாக வந்தன. மரியா மாண்டெஸ் நாயகி. ஜான் ஹால் நாயகன். சாபு நாயகனின் குறும்புத் தோழன். ஹாரூன் ரஷீதாகவும் ஜான் ஹாலே வந்தார். வெவ்வேறு நிறத்தார் காதல் கொள்வதைத் திரையில் காட்டத் தயங்கிய காலம் அது. 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்புடன் நடைமுறையான ஒழுக்க விதிகள், வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் இடையிலான காதலை எழுத்திலேயே தடுத்தன. அக்காற்று வீசிய இடத்தில், மாநிறத்து இளைஞர் ஒருவர் நாயகியின் கரம் பற்றுவது எளிதாக இருந்திராது.

நாட்டுச் சட்டமும் அவ்வாறே இருந்தது. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமைக்கு உரியரல்லர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்திருந்தது. 1946-இல் வந்த சட்டமே அக்கதவைப் பொதுவாகத் திறந்தது. சாபு அதற்கு முன்பே, போர்க்காலத்தில், 1944-இல் அமெரிக்கக் குடிமகனானார், விமானப்படையில் சேர்ந்தார். பசிபிக் போர்முனையில் பி-24 குண்டு வீச்சு விமானங்களில் இயந்திரத் துப்பாக்கி வீரராகப் பல பத்து முறை பறந்தார். சிறப்புமிக்க பறத்தல் சிலுவை என்னும் வீரப்பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது. போர்க்களம் அவரை ஆண்மகனாக ஏற்றுக்கொண்டது. படக்கொட்டகை ஏற்கவில்லை.

முற்றிலும் மறுக்கப்பட்டார் என்று சொன்னால் அது நீதியாகாது. 1947-இல் இங்கிலாந்தில் எடுத்த ‘பிளாக் நார்சிசஸ்’ படத்தில் இளந்தளபதியாக வந்தார். அவ்வாண்டே ‘தி எண்ட் ஆஃப் தி ரிவர்’ படத்தில் பிரேசில் நாட்டு ஆதிகுடி இளைஞராக, இல்லறத்தானாக, முதன்மை வேடம் ஏற்றார். 1948-இல் ‘குமாவுன் ஆட்கொல்லி’ பற்றிய படத்தில் மனைவியுள்ள கிராமத்தானாக நடித்தார். கதையின் நடுவில் நின்றவரோ அமெரிக்க வேட்டைக்காரர். பின்னர்க் கிட்டியவை பெரும்பாலும் குறைந்த செலவில் எடுத்த தீவுக் கதைகளும் காட்டுக் கதைகளுமே. 1952-இல் அமெரிக்கர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸோடு கூட்டுச் சேர்ந்து ‘காடு’ என்னும் யானைப்படத்தை நம் மண்ணில் எடுத்தபோதும் நாயகர்கள் ராட் கேமரோனும் சீஸர் ரொமேரோவுமே. யானைப்பாகன் மகன் அதில் இல்லை. அவர் அதே ஆண்டில் இலண்டன் ஹாரிங்கே சர்க்கஸில் யானைகளோடு வித்தை காட்டிக்கொண்டிருந்தார். தொடங்கிய இடத்துக்கே வாழ்க்கை அவரைத் திருப்பியிருந்தது.

அக்காலத்து இத்தாலியப் படம் ஒன்றில் அவர் ஏற்ற வேடம் தமிழ் முஸ்லிம்களுக்குப் புன்னகை வரவழைக்கும். ஏழைப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு யானையைப் பரிசளிக்கும் ‘நாகூர் சுல்தான்’ அவர்! நாகூருக்குப் பாதுஷா உண்டு. அவர் முடியாட்சி செய்யாத ஞானி ஷாகுல் ஹமீது (ரஹ்) அவர்கள். சுல்தான் எவரும் இருந்ததில்லை. கீழை நாட்டு ஊர்ப்பெயர் எதுவாயினும் சரி, அதில் ஒரு சுல்தானும் ஒரு யானையும் இருந்தே தீரும் என்பது அவர்கள் கணக்கு.

தாய்நாடு அவரை அழைக்கவில்லையா? அழைத்தது. மெஹபூப் கான் தம் ‘மதர் இந்தியா’ படத்தில் இளைய மகன் பிர்ஜு வேடத்துக்குச் சாபுவையே முதலில் தேர்ந்தார். சாபு பம்பாய் வந்தார். தொழில் செய்வதற்கான அனுமதி கிட்டவில்லை. காராப்பூரில் பிறந்தவர் இப்போது சட்டப்படி அன்னியர். 1957-இல் வெளியான அப்படத்தில் சுனில் தத் அவ்வேடத்தை ஏற்று நிலைபெற்றார். ஓர் இந்தியப் படத்திலேனும் நடிக்காமலே சாபுவின் வாழ்வு முடிந்தது.

இங்கே நம் நாட்டில் வளர்ந்த இருவரை ஒப்புநோக்க வேண்டும். 1922-இல் பெஷாவரில் பிறந்த யூசுஃப் கான், 1944-இல் திலீப் குமார் என்னும் பெயரோடு திரைக்கு வந்தார். 1926-இல் சிறையின்கீழில் பிறந்த அப்துல் காதர், 1952-இல் பிரேம் நசீர் ஆகி மலையாளத்தின் நிலைத்த நாயகரானார். 1989-இல் சென்னையில் மறைந்தார். இவ்விருவரும் திரையில் காதலித்தனர், மணந்தனர், மூத்தனர், தந்தையராயினர். அதற்கு ஈடாகப் பிறந்த பெயரை மாற்ற நேர்ந்தது. சாபுவுக்கு அயல்நாட்டில் பெயரை மாற்றச் சொன்னாரில்லை. அந்தப் பெயரின் விநோதமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. வளர்ச்சிதான் கிட்டவில்லை. இங்கே பெயரில் ஒரு விலை. அங்கே வயதில் ஒரு விலை. விலை கொடாமல் எவரும் உள்ளே நுழையவில்லை என்பதை நடிப்புலகை நாடும் நம் இளைஞர் அறிதல் நலம்.

1948-இல் அவர் மேரிலின் கூப்பரை மணந்தார்; ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். திரை மறுத்த தந்தைமையை இறைவன் வீட்டில் அளித்தான். 1960-இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரோடு நட்சத்திரம் பதித்தனர். அதே ஆண்டில், சிறுவயதில் கைப்பிடித்து அழைத்துச் சென்ற அண்ணன், கொள்ளை முயற்சி ஒன்றில் கொல்லப்பட்டார். 1963 டிசம்பர் 2-ஆம் நாள் மாரடைப்பால் சாபு காலமானார். வயது முப்பத்தொன்பது. ஃபேர்பாங்க்ஸ் வாலிபத் திருடனாக மதிலேறிய நாற்பதாம் வயதை அவர் காணவில்லை. கலிஃபோர்னிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நெஞ்சின் நம்பிக்கையை அறிந்தவன் அல்லாஹ். அதைத் தீர்ப்பது சரித்திரம் எழுதுவோர் வேலையன்று.

சாபுவைக் கைப்பிடித்து உயர்த்தியோர் கொடியவரல்லர். யத்தீமான சிறுவருக்கு உணவும் கல்வியும் புகழும் தந்தனர், அது நன்றிக்குரியதே. ஆனால் கதை எவர் வாயில் இருக்கிறதோ அவரே பாத்திரத்தின் வயதையும் வரம்பையும் முடிவு செய்கிறார். கைப்பிடித்து நடத்தப்படுபவன் நடத்துபவர் போகும் தூரமே போவான். ஆயிரத்தொரு இரவுகளும் பாக்தாதும் நம் முன்னோர் சொத்து. அவற்றைச் சொல்லும் உரிமையை நாம் கைநழுவ விட்டபின், அதில் நம் பிள்ளைக்குத் திருடன் வேடம் கிடைத்ததைக் குறைகூறிப் பயனில்லை.

இன்று பாக்தாத் என்றவுடன் நம் மதரஸாப் பிள்ளைகளின் வாயில் முதலில் வருவது பறக்கும் கம்பளமும் பூதமுமே. அறிஞர் கூடி நூல்களை மொழிபெயர்த்த பைத்துல் ஹிக்மாவும், ஜீலானி (ரஹ்) அவர்களின் சபையும், பர்மகீகளின் கொடையும் அதற்குப்பின் நாம் எடுத்துச் சொன்னால்தான் வருகின்றன. அவற்றைச் சொல்வது ஆசிரியராகிய நம் கடமை. சொல்லும்போது, காராப்பூர்க் காட்டிலிருந்து போன ஒரு பாகன் மகன் கதையையும் சேர்த்துச் சொல்வோம். அவர் பெயர் ஷேக் சாபு என்றும், தஸ்தகீர் என்பது அவர் அண்ணன் பெயர் என்றும் திருத்திச் சொல்வோம். அயலார் மறந்த பெயரை உரியவரிடம் சேர்ப்பதும் ஓர் அமானிதமே.